கூடிய பின் பெண் பழ ஈ ஏன் ஆணை விரட்டுகிறது?

வாழைப்பழத்தோல் கறுத்து இளக ஆரம்பித்ததும் தட்டைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவந்த கண், பழுப்பு உடல், நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். ஆய்வகங்களில் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்று அழைக்கப்படும் பழ ஈ இதுதான். இதன் பெண், ஆண் நெருங்கும்போது நின்று இடம் கொடுக்கும். ஆனால் ஒருமுறை இணைசேர்ந்துவிட்டால் போதும், அடுத்த சில நாட்களுக்கு எந்த ஆண் வந்தாலும் உதைத்துத் துரத்தும். இந்த மாற்றம் எப்படி வருகிறது, அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் சமையலறையிலும் தோட்டத்திலும் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாம்பழத்தை அறுக்கும்போது உள்ளே நெளியும் புழு இந்த ஈயுடையதா? இல்லை. அது பாக்ட்ரோசெரா என்னும் வேறொரு ஈயின் புழு. அதையும் பழ ஈ என்றே அழைக்கிறோம். அது உருவில் வீட்டு ஈ அளவு இருக்கும்; நல்ல காய்க்குள்ளேயே குத்தி முட்டை வைக்கும். சமையலறை ஈயோ கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தைத்தான் தேடிவரும். இந்தக் கட்டுரையின் முதல் பாதி சமையலறை ஈயைப் பற்றியது. மாந்தோப்பில் வரும் ஈயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆண் எப்படி நெருங்குகிறது? பெண்ணைக் கண்டதும் அதன் பக்கம் திரும்பும், பின்தொடரும், முன்காலால் தட்டிப் பார்க்கும். ஈக்குக் காலிலும் சுவை தெரியும் என்பதால் அந்த ஒரு தட்டலிலேயே எதிரே இருப்பது யார் என்று ஓரளவு விளங்கிவிடும். பிறகு ஓர் இறக்கையை மட்டும் விரித்து அதிரவைத்துப் பாடும். பெண் அதைத் தன் உணர்கொம்பால் கேட்கிறது.

பெண் என்ன செய்கிறது? இன்னும் இணைசேராத, முதிர்ந்த பெண்ணாக இருந்தால் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, வயிற்று நுனியில் உள்ள இரு சிறு தகடுகளைத் திறந்து ஆணுக்கு வழிவிடும். இணைசேர்தல் 15 முதல் 20 நிமிடம் வரை நீடிக்கும். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்ணிடம் அதே பாட்டு எடுபடாது. அது நிற்காமல் நடக்கும், காலால் உதைக்கும், இறக்கையைப் படபடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முட்டையிடும் குழலை வெளியே நீட்டிவிடும். குழல் நீண்டிருக்கும்வரை ஆணால் இணையவே முடியாது.

உதைப்பதை மட்டும் வைத்து, இது இணைசேர்ந்த பெண் என்று சொல்லிவிடலாமா? முடியாது. கூட்டிலிருந்து வெளிவந்து சில மணி நேரமே ஆன இளம் பெண்ணும் உதைக்கும், ஓடும். அதற்கு இன்னும் பருவம் வரவில்லை. குழலை முழுதாக நீட்டுவதுதான் இணைசேர்ந்த பெண்ணுக்கே உரிய அடையாளம்.

மறுப்போடு மாற்றம் முடிந்துவிடுகிறதா என்றால் இல்லை. இணைசேராத பெண் ஓரிரு முட்டைகளே இடும். இணைசேர்ந்ததும் அது நாளொன்றுக்குப் பல பத்து முட்டைகள் இடத் தொடங்கிவிடும். முட்டைக்குப் புரதம் தேவை என்பதால் ஈஸ்ட் (பழத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) மீது அதன் நாட்டம் கூடும், உப்பின் மீதும் கூடும். பகல் தூக்கம் குறையும். குடல்கூடப் பெரிதாகும். இடத்துக்காகவும் உணவுக்காகவும் மற்றப் பெண் ஈக்களோடு மோதுவதும் அதிகரிக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் களைப்போ, காயமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆய்வாளர்களுக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. எடின்பரோவில் ஆப்ரி மானிங் 1960களிலேயே, பெண்ணின் உடலில் விந்தணு தங்கியிருக்கும்வரை மறுப்பும் தங்குகிறது என்று காட்டினார். ஆனால் விந்தணுவில் எது அதைச் செய்கிறது என்பது அப்போது தெரியவில்லை.

விடை 1988இல் சூரிச் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எரிக் குப்ளி உள்ளிட்ட குழுவினர், ஆணின் துணைச்சுரப்பியில் (விந்துத் திரவத்தின் பெரும்பகுதியைச் சுரக்கும் உறுப்பு) இருந்து ஒரு பெப்டைடைப் (மிகச் சிறிய புரதம்) பிரித்தெடுத்தார்கள். அதில் இருந்தவை 36 அமினோ அமிலங்கள் மட்டுமே. அதை இணைசேராத பெண்ணின் உடலுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். ஆணின் வாடையே படாத அந்தப் பெண் ஆண்களை விரட்டத் தொடங்கியது, முட்டையும் இட்டது. களைப்பு, காயம் என்ற சந்தேகத்துக்கு அதோடு இடமில்லாமல் போயிற்று. இந்தப் பொருளுக்கு ‘செக்ஸ் பெப்டைடு’ என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருந்தது. ஊசியால் செலுத்தியபோது விளைவு ஏறக்குறைய ஒரு நாளில் மறைந்தது. உண்மையில் இணைசேர்ந்த பெண்ணிடமோ அது ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது. இதை அவிழ்த்ததும் குப்ளியின் குழுதான், 2005இல். பெப்டைடின் ஒரு முனை விந்தணுவின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பெண் அந்த விந்தணுக்களைத் தன் உடலிலுள்ள சேமிப்புப் பைகளில் வைத்துக்கொள்கிறது. அங்கிருந்தபடியே பெப்டைடின் மறுமுனை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டு வெளியேறுகிறது. மெல்லக் கரைந்து நாள்முழுதும் வேலை செய்யும் மாத்திரைகள் உண்டல்லவா, அப்படி. விந்தணுக்கள் தீர்ந்தால் பெப்டைடும் தீரும், மறுப்பும் தளரும். பெப்டைடு விந்தணுவில் ஒட்டுவதற்கே விந்துத் திரவத்தின் வேறு பல புரதங்கள் வரிசையாக உதவவேண்டியிருக்கிறது என்பதை கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரவி ராமும் மரியானா வுல்ஃப்னரும் 2009இல் காட்டினார்கள்.

சரி, ஆண் தந்த பொருளைப் பெண்ணின் மூளை எப்படி அறிகிறது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2008இல் வியன்னாவில் பேரி டிக்சனின் ஆய்வகத்தில் நிலாய் யாப்பிசி முதலியோர், இந்தப் பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியைக் (செல்லின் மேல் அமர்ந்து, குறிப்பிட்ட பொருள் வந்து சேர்ந்ததும் உள்ளே சேதி சொல்லும் புரதம்) கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பி இல்லாத பெண் ஈக்கள் இணைசேர்ந்த பிறகும் கன்னி ஈக்களைப் போலவே நடந்துகொண்டன. அடுத்த ஆண்டில் இன்னொரு செய்தி தெரிந்தது. இந்த மாற்றம் முழுமைக்கும் கருப்பையின் சுவரில் உள்ள, விரல்விட்டு எண்ணக்கூடிய சில நரம்பணுக்களே போதும்.

இணைசேராத பெண்ணில் இந்த நரம்பணுக்கள் ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. சேதி வந்துகொண்டிருக்கும்வரை மூளை, ஆணின் பாட்டுக்குச் செவிசாய்த்துத் தகடுகளைத் திறக்கச் சொல்கிறது. பெப்டைடு வந்ததும் அந்த நரம்பணுக்கள் அடங்கிவிடுகின்றன. பாட்டு அப்போதும் பெண்ணுக்குக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு இணங்கவைக்கும் தூண்டுதல் மூளையில் தளர்ந்துவிடுகிறது. அதே அமைதிதான் முட்டையிடும் வேலையைத் தொடங்கியும் வைக்கிறது.

இது யாருக்கு நன்மை? பெரும்பாலும் ஆணுக்கு. பெண் மறுபடி இணைசேர்ந்தால், பிறகு வந்த ஆணின் விந்தணுவே பெரும்பாலான முட்டைகளைச் சேரும். ஆகவே பெண்ணின் மறுப்பு நீளநீள முதல் ஆணுக்குப் பிள்ளைகள் அதிகம். பெண்ணுக்கும் ஓரளவு பயனுண்டு: முட்டையிடுவதில் முழுக் கவனம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டியிருக்கிறது. விந்துத் திரவம் அதிகம் பெற்ற பெண் ஈக்கள் சீக்கிரம் இறக்கின்றன என்று டிரேசி சாப்மனும் உடனாய்வாளர்களும் 1995இல் காட்டினார்கள். அந்தத் தீங்கில் செக்ஸ் பெப்டைடுக்குப் பங்குண்டு என்பது 2005இல் தெரிந்தது.

அப்படியானால் பெண் வெறுமனே ஆட்டிவைக்கப்படுகிறதா? அப்படி எண்ணிவிட வேண்டாம். ஆண் இணைசேரும்போது தன் வாடையையும் பெண்ணின் மேல் விட்டுச்செல்கிறது. அந்த வாடை மற்ற ஆண்களை விலகிப்போகச் செய்யும். பெண்ணோ சில மணி நேரத்தில், ஆண் வைத்துச்சென்ற அடைப்பையும் மிகுந்திருக்கும் விந்தையும் வெளியே தள்ளிவிடுகிறது. அதோடு அந்த வாடையும் பெரும்பாலும் போய்விடும். சேமிப்பு குறைந்ததும் பெண் மீண்டும் இணைசேர்கிறது. வெளியில் பிடித்த பெண் ஈக்களின் வாரிசுகளைச் சோதித்தால் ஒரே தாயின் பிள்ளைகளுக்குப் பல தந்தையர் இருப்பது தெரிகிறது.

மனிதருக்கும் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். செக்ஸ் பெப்டைடு நம்மிடம் இல்லை. ஈயின் நடத்தையிலிருந்து மனிதப் பெண்ணைப் பற்றி எந்த முடிவுக்கும் வரமுடியாது, வரவும் கூடாது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். “இரண்டு மூன்று ஈதானே இருந்தது, ஒரு வாரத்தில் எப்படி இத்தனை?” என்று பலரும் கேட்கிறார்கள். நீங்கள் கண்ட அந்த ஈக்களில் ஒன்று இணைசேர்ந்த பெண்ணாக இருந்தாலே போதும். அதற்கு இனி ஆண் தேவையில்லை. விந்தணுக்கள் உள்ளே சேமிப்பில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஓர் ஆண் ஈகூட இல்லாவிட்டாலும் அது நாள்தோறும் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், முட்டையிலிருந்து இறக்கை முளைத்த ஈயாக வளர ஏறக்குறைய 10 நாட்கள் ஆகும். ஒரு நாளில் முட்டை பொரியும், நான்கைந்து நாட்கள் புழு, பிறகு கூட்டுப்புழு. ஆகவே பறக்கும் ஈயைக் கையால் அடித்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. அடிபடும் முன்பே அது முட்டைகளை வைத்திருக்கும். முட்டை இருக்கும் இடத்தை 10 நாட்களுக்குள் அகற்றுவதுதான் வழி.

எந்த இடங்கள்? கனிந்து வெடித்த வாழைப்பழம், தக்காளி, அடியில் நசுங்கிக்கிடக்கும் வெங்காயம், மூடாத குப்பைக்கூடை, உரத்துக்காகச் சேர்க்கும் காய்கறித்தோல் வாளி, பழச்சாறு சிந்திக் காயாத துணி, சிங்க்கின் வடிகுழியில் தங்கிய சக்கை. குப்பையை இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது வெளியேற்றுங்கள். வாளிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். கனிந்த பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதிலுள்ள முட்டை, புழுவின் வளர்ச்சி நின்றுபோகும். வெளியே வைப்பதானால் மெல்லிய துணியால் ஓரம் இடைவெளி இல்லாமல் மூடவேண்டும்.

வினிகர்ப் பொறி வேலை செய்யுமா? செய்யும். இணைசேர்ந்த பெண்ணுக்குப் புளித்த மணமும் ஈஸ்ட்டும் வேண்டும் என்று மேலே பார்த்தோமே, அந்தத் தேவையைத்தான் இந்தப் பொறி பயன்படுத்துகிறது. சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், அதில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டு. சோப்பு இருந்தால் ஈ மேலே அமரமுடியாமல் மூழ்கும். ஆனால் பக்கத்திலேயே கனிந்த பழம் திறந்து கிடந்தால் ஈ அதற்குத்தான் போகும். முதலில் பழத்தை மூடுங்கள், பிறகு பொறி வையுங்கள்.

விலங்கியலோ மரபியலோ படிக்கும் மாணவர்களுக்கு, இணைசேர்ந்த பெண்ணின் இந்த மாற்றம் மதிப்பெண்ணோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கலப்புச் சோதனைக்கு ‘கன்னிப் பெண் ஈயைப் பிரித்தெடு’ என்று ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்று இப்போது விளங்கியிருக்கும். பெண் ஏற்கெனவே வளர்ப்புக் குப்பியிலுள்ள ஆணோடு இணைசேர்ந்திருந்தால், நீங்கள் புதிதாக விடும் வெள்ளைக்கண் ஆணைத் துரத்திவிடும். அல்லது பழைய விந்தணுவைக் கொண்டு முட்டையிடும். எண்ணிக்கை விகிதம் குழம்பிப்போகும்.

என்ன செய்யவேண்டும்? காலையில் குப்பியிலுள்ள எல்லா ஈக்களையும் வெளியேற்றிவிடுங்கள். 25 டிகிரியில் வைத்திருந்தால், அதற்குப் பின் 8 மணி நேரத்துக்குள் வெளிவந்த பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் அவை இணைசேர்வதில்லை. புதிதாக வெளிவந்த ஈ வெளிறியிருக்கும், வயிற்றின் வழியே கரும்புள்ளி ஒன்று தெரியும். பிரித்த பெண்களை மூன்று நாட்கள் தனிக் குப்பியில் வையுங்கள். அந்தக் குப்பியில் புழு நெளிந்தால் அவற்றுள் ஒன்றாவது கன்னி அல்ல என்று பொருள். முட்டை மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். கருவுறாத முட்டை பொரியாது.

இப்போது மாந்தோப்பு. இங்கே வருவது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். செக்ஸ் பெப்டைடு டிரோசோஃபிலாக் குடும்பத்தில் கண்டறியப்பட்ட பொருள். ஆனால் ஆணின் துணைச்சுரப்பித் திரவம் பெண்ணின் போக்கை மாற்றுவது தோப்பு ஈக்களின் குடும்பத்திலும் நடக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மத்தியதரைக் கடல் பழ ஈயில், இணைசேராத பெண் ஆணின் மணத்தைத் தேடிப்போகும். இணைசேர்ந்ததும் பழத்தின் மணத்தை நோக்கித் திரும்பிவிடும். ஹவாயில் எரிக் ஜாங் 1995இல் துணைச்சுரப்பித் திரவத்தை ஊசியால் செலுத்தியே இதே திருப்பத்தை உண்டாக்கிக் காட்டினார்.

தோப்பில் தொங்கவிடும் மெத்தில் யூஜினால் (ஈயை ஈர்க்கும் மணப்பொருள்) பொறியில் விழுபவை எல்லாமே ஆண் ஈக்கள். அந்த மணம் ஆண்களை இழுக்கும் என்று கண்டறிந்தவர், ஒரு நூற்றாண்டுக்கு முன் பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹௌலெட். துளசியிலும் இந்தப் பொருள் உண்டு. “காயைக் குத்துவது பெண், ஆணைக் கொன்று என்ன பயன்?” என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி. ஆண் அருகிப்போனால் பெண்ணுக்கு விந்தணு கிடைக்காது; கருவுறாத முட்டையிலிருந்து புழு வராது. பயன் அதுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஏற்கெனவே இணைசேர்ந்துவிட்ட பெண்ணை இந்தப் பொறி ஒன்றும் செய்யாது. அதற்குத் தேவையான விந்தணு அதனிடமே இருக்கிறது. காய் பழுக்கத் தொடங்கி, புழுவைக் கண்ட பிறகு பொறி கட்டுவது தாமதம். காய் முதிரும் முன்பே கட்டி, அறுவடை முடியும்வரை மருந்தை மாற்றிவரவேண்டும். உங்கள் தோப்பில் மட்டும் கட்டினாலும் போதாது. பக்கத்துத் தோப்பில் இணைசேர்ந்த பெண் உங்கள் மாங்காயைத் தேடிப் பறந்துவரும். அண்டைத் தோப்புக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் எல்லோரும் கட்டினால்தான் பலன் தெரியும்.

இணைசேர்ந்த அந்தப் பெண் ஈக்களைப் பிடிக்க வேறு வழி வேண்டும். முட்டைக்காகப் புரதப் பசி கொண்டிருப்பதால், புரதக் கரைசலில் மருந்து கலந்த இரையை மரத்தில் அங்கங்கே திட்டாகத் தெளிப்பது உதவும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உதிர்ந்த காய்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். புழு அவற்றிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். மறுதலைமுறை அங்கிருந்துதான் எழும்.

பெண்ணின் இந்த மறுப்பையே ஆயுதமாக்கிய நாடுகளும் உண்டு. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் பாகற்காய் அன்றாட உணவு. ஆனால் பூசணிக் குடும்பக் காய்களைத் தாக்கும் பழ ஈ அங்கே இருந்ததால் அந்தப் பாகற்காயை நாட்டின் முக்கியத் தீவுகளுக்கு அனுப்பத் தடை இருந்தது. ஈயைத் தொழிற்சாலையில் வளர்த்து, கூட்டுப்புழுவைக் காமாக் கதிரால் மலடாக்கி, வாரந்தோறும் ஏராளமாக வெளியே விட்டார்கள். மலட்டு ஆணோடு இணைசேர்ந்த பெண்ணும் மற்ற ஆண்களிடமிருந்து விலகியிருக்கும். ஆனால் அதன் முட்டை பொரியாது. 1993இல் அந்தத் தீவுகளிலிருந்து ஈ முற்றாக ஒழிந்தது. மலட்டு ஆணின் விந்துத் திரவம் பெண்ணைத் தடுத்துநிறுத்தும் அளவுக்கு வீரியமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெண் சீக்கிரமே இன்னோர் ஆணைத் தேடிப்போய்விடும். இம்முறையைக் கையாளுபவர்கள் மிகவும் கவனிப்பது இதைத்தான்.

இது அரசும் தொழிற்சாலையும் சேர்ந்து செய்யும் வேலை, தனி விவசாயி செய்யக்கூடியது அல்ல. அதே ஈ நம்மூர்ப் பாகல், புடலை, பீர்க்கம் பந்தல்களிலும் இருக்கிறது. மாமரத்துக்கு வாங்கிய மெத்தில் யூஜினாலை இங்கே கட்டாதீர்கள். இந்த ஈ அதற்கு வராது. பந்தலுக்குக் கியூ லூர் என்னும் வேறு மணப்பொருளைக் கேட்டு வாங்கவேண்டும். அதுவும் ஆணைத்தான் இழுக்கும். வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கொடிதான் என்றால், பிஞ்சு பிடித்ததுமே காகித உறை மாட்டிவிடுங்கள். இணைசேர்ந்து, முட்டையிட இடம் தேடிவரும் பெண்ணை அது காயைத் தொடவிடாது. உறை மாட்டும் முன் பிஞ்சைத் திருப்பிப் பாருங்கள். குத்திய இடத்தில் பிசின் போல நீர் கசிந்திருந்தால் முட்டை உள்ளே போய்விட்டது. அந்தப் பிஞ்சைப் பறித்து, உரக்குழியில் போடாமல், ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.